முப்பத்தெட்டாவது கேள்வி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அத்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். அம்மா போய் நாலு மாதமாகிறது. அழுகிறீர்களா என்று போனில் கேட்டாய். இல்லை. அத்தை தட்டை வைத்தால் சாப்பிடுகிறேன், வைக்காவிட்டால் கேட்பதில்லை. சமையலறைக் குழாய் ஒழுகியது, வாஷர் மாற்றிவிட்டேன். அத்தைக்கு இருமல் தேவலை.

லிஃப்ட் மெக்கானிக் லைசென்ஸைப் புதுப்பிக்க இனிமேல் எழுத்துப் பரீட்சை என்று சொல்லிவிட்டார்கள். ஐம்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, சரியானதன் வட்டத்தைப் பேனாவால் நிரப்ப வேண்டும். முப்பது வருஷமாக இதே வேலைதானே என்று போய் உட்கார்ந்தேன், ஃபெயில். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். உள்ளே இருப்பவர்களிடம் பேசுவேன் என்று போட்டேன், நான் அப்படித்தான் செய்வேன். மெயின் சுவிட்சை அணைப்பதுதான் விடையாம். நம் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் டீச்சர் வினாத்தாளைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க என்ன பண்ணுவீங்கன்னு அவங்க கேக்கல, புத்தகம் என்ன சொல்லுதுன்னு கேக்கறாங்க" என்றார்.

அவர்தான் இரண்டு வாரம் சொல்லிக் கொடுத்தார். விடைகளைக் கையால் மூடிக்கொண்டு கேள்வியை மட்டும் படிக்கணும், மனசில் பதில் வந்த பிறகு கையை எடுக்கணும். 'எது சரியல்ல' என்று கேட்டிருந்தால் அந்த 'அல்ல'வின் கீழே கோடு போடணும், நுனிப்புல் மேய்ந்தால் அங்கேதான் கவிழ்ந்துபோவோம். தெரியாததைக் கட்டிக்கொண்டு அழாமல் அடுத்ததற்குப் போகணும். திரும்ப வந்து பார்த்தும் விடை தெரியவில்லையென்றால், தப்பு என்று நிச்சயமாகத் தெரிந்ததை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வரணும். பழைய வினாத்தாள் எட்டு போட்டுப் பார்த்தேன். மண்டையில் ஏறியதா என்று தெரியாது, உட்கார்ந்து எழுதுவதற்கு ஏதோ ஒன்று இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை மறுபடி எழுதினேன். முப்பத்தெட்டாவது கேள்வி லிஃப்டைப் பற்றியதில்லை. ஒருவர் நினைவிழந்து விழுந்து, மூச்சும் இல்லையென்றால் முதலில் செய்ய வேண்டியது எது? தூக்கி உட்கார வைப்பது. முகத்தில் தண்ணீர் தெளிப்பது. குடிக்கத் தண்ணீர் கொடுப்பது. உதவிக்கு ஆளைக் கூப்பிட்டு, மார்பின் நடுவில் விடாமல் அழுத்துவது.

உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். அன்றைக்குக் காலையில் அம்மா அடுப்பங்கரையில் விழுந்ததும், முதல் மூன்றையும் நான் அதே வரிசையில் செய்தேன். தண்ணீர் வாயோரமாக வழிந்துவிட்டது. அதற்கப்புறம்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தோன்றியது. டாக்டர், "நீங்க என்ன பண்ணியிருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும்" என்றார். எல்லாரிடமும் அப்படிச் சொல்வாரோ என்னவோ. பரீட்சை ஹாலில் என்னைச் சுற்றி இருபது பேர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். முதலாவதை அடித்தேன், இரண்டாவதை அடித்தேன், மூன்றாவதை அடித்தேன். நாலாவது வட்டத்தை நிரப்பினேன். அடுத்த கேள்வி கதவுப் பூட்டைப் பற்றியது, அதையும் எழுதினேன்.

ஐம்பதுக்கு நாற்பத்தொன்று, பாஸ். அத்தை, "அண்ணி இருந்திருந்தா தெருவுக்கே சொல்லியிருப்பாங்க" என்றாள். அந்தக் கேள்வியைப் பற்றி அவளிடம் சொல்ல முடியவில்லை, அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

உன் ஆபீசில் முதலுதவி வகுப்பு நடந்தால் வேலை கிடக்கிறது என்று தட்டிக் கழிக்காதே. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ, இரண்டு பேரும் கையால் செய்து பழகுங்கள், படித்தால் மட்டும் போதாது. வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் சேர்ந்து இருக்க வேண்டும், அதுதான் என் ஆசி. இதற்குப் பதில் எழுத வேண்டாம் கண்ணு. ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் பண்ணு, வேறு எதைப் பற்றியாவது பேசலாம்.

உன்
அப்பா