பாதிரியார் அங்கியின் பை

என் அருமை வீட்டுக்காரிக்கு,

உன் அண்ணன் வீட்டில் எல்லாரும் சுகமா? இங்கே நாடகம் அமர்க்களம். சூனியக்காரிகள் என்று ஊரே பெண்களைப் பிடித்து விசாரிக்கும்போது, தன் பதவி தப்பினால் போதும் என்று அப்பாவிகளைக் கைகாட்டும் பாதிரியார் நான்தானே! "விரல் நீட்டிப் பழி போடறது உனக்கு ரொம்ப இயல்பா வருதுய்யா" என்று ஒத்திகையிலேயே இயக்குநர் மெச்சினார். நீ சிரிப்பது கேட்கிறது.

நேற்று விசாரணைக் காட்சி. வேலைக்காரியைப் பார்த்து விரலை நீட்டியபடி, மிடுக்காக இருக்கட்டுமே என்று மற்றக் கையை அங்கிப் பைக்குள் விட்டேன். உள்ளே நம் வீட்டு பீரோ சாவி. என் அக்கா முன்னால், நீதான் தொலைத்தாய் என்று நான் கத்தி, நீயும் கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாயே, அதே சாவி. வீட்டில் அங்கியைப் போட்டுப் பார்த்த அன்று நானேதான் பைக்குள் போட்டிருக்கிறேன்.

விரல் தானாக மடங்கிவிட்டது. வசனம் வரவில்லை. பாதிரியார் திருந்திவிட்டார் என்று சனங்கள் கைதட்டித் தள்ளினார்கள். "அந்த ஆளுக்கு மனசாட்சியே கிடையாதுய்யா, கதையையே கெடுத்துட்டியே!" என்று இயக்குநர் குதித்தார்.

சாவி என்னிடம்தான் இருந்தது என்று அக்காவிடமும் சொல்லிவிட்டேன். "நான் அப்பவே நினைச்சேன்டா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமையோடு நாடகம் முடிகிறது. முன்வரிசையில் உனக்கு இடம் பிடித்திருக்கிறேன். பாதிரியார் கடைசிவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டார். திரை விழுந்ததும் அவரைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சாவியோடு நேரே உன்னிடம் வருகிறேன்.

இப்படிக்கு,
விரலை மடக்கிக்கொண்ட உன் வீட்டுக்காரன்