செர்ரித் தோப்பும் சப்பட்டைத் தோப்பும்

மே 12, 2025
காலையில் மகன் கௌதம்ராஜ் அமெரிக்காவிலிருந்து பேசினான். அவன் கணக்கு பார்க்கும் செர்ரித் தோட்டத்துக்கு மெக்சிகோவிலிருந்து நாற்பது பேர் பழம் பறிக்க வந்திருக்கிறார்கள். விசாவில் ஒரே முதலாளி பெயர்தான், வேறு இடத்தில் வேலை பார்க்க முடியாது.
"பாஸ்போர்ட்டையும் மேஸ்திரி வாங்கி வச்சுக்கிட்டான்மா. மனுசனா அவன்?"
"சட்டம் என்ன சொல்லுது?"
"தப்புன்னுதான். ஆனா சீசன் முடியணும்ல."

மே 15
செண்பகத்தோப்புப் பக்கம் நம் மாந்தோப்பில் முதல் பறிப்பு. சப்பட்டை ரகம் நல்ல காய்ப்பு.

மே 18
அந்த நாற்பது பேரில் எஸ்தேபான் என்பவருக்கு ஊரில் அப்பா சாகக் கிடக்கிறார். பாஸ்போர்ட் தரவில்லையாம். கௌதம் தொழிலாளர் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டான், மறுநாளே கொடுத்துவிட்டார்கள். நான் முப்பத்தோரு வருடம் குடிமையியல் நடத்தியவள். பெருமையாக இருந்தது.

மே 20
தோப்பு மேஸ்திரி பாண்டிச்செல்வம் வந்தான். நம்மிடம் காய் பறிக்க வந்த ஜார்க்கண்ட் ஆட்கள் ஆறு பேரில் சுக்ராமின் மனைவிக்குப் பிரசவ நேரம். ஊருக்குப் போக ஆதார் அட்டையைக் கேட்கிறான்.
"குடுத்துராதிய டீச்சரம்மா. ஒருத்தன் போனா அம்புட்டுப் பேரும் கெளம்பிருவானுவ. காய் மரத்துலயே பழுத்து விழும்."
ஆறு அட்டைகளும் என் பீரோவில்தான், பட்டுச்சேலைக்கு அடியில். வாங்கி வைக்கச் சொன்னது கௌதம். தொலைத்துவிடுவார்கள் என்றான். நானும் நம்பினேன் — நம்பினேனா? வகுப்பில் சண்டை போடும் பிள்ளைகளிடம் பென்சிலை வாங்கி வைப்பதில்லையா என்று எனக்கு நானே உதாரணம் சொல்லிக்கொண்டேன். பென்சில் இல்லாமலும் பிள்ளை வீட்டுக்குப் போகலாம்.

மே 21
அந்த பாஸ்போர்ட்டும் இந்த ஆதாரும் ஒன்றுதானே என்று கௌதமிடம் கேட்டேன்.
"அது வேறம்மா."
"எப்படி வேற? ஒரு உதாரணம் சொல்லு."
"நெட்வொர்க் சரியில்ல, பொறவு பேசறேன்."
எனக்குத் தெளிவாகவே கேட்டது.

மே 22
ஆட்டோ பிடித்துத் தோப்புக்குப் போனேன். அவரவர் கையில் அட்டையைக் கொடுத்தேன். சுக்ராம் தன் படத்தைச் சரிபார்த்துப் பையில் வைத்தான். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

மே 24
ஆறு பேரும் போய்விட்டார்கள்.
"நாஞ் சொல்லல?" என்றான் பாண்டிச்செல்வம். சொன்னான்தான்.

ஜூன் 2
காய் விழுகிறது. உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை. ஏணியில் ஏறும் வயதா எனக்கு? கீழே கிடப்பதைப் பொறுக்கினேன். இடுப்பு வலி.

ஜூன் 16
சுக்ராம் திரும்பி வந்துவிட்டான். பக்கத்துத் தோப்பில் பறிக்கிறான். அங்கே மத்தியானச் சாப்பாடு போடுகிறார்களாம். என்னைப் பார்த்ததும் வேலி ஓரம் வந்து செல்போனைத் தூக்கிக் காட்டினான். பெண் குழந்தை, தலை நிறைய முடி.
எங்கள் பக்கம் இன்னும் பதினோரு மரம் பாக்கி.