கோமான் வருகிறார்

ஜனவரி 20, செவ்வாய்

கோவில்பதாகை மாதா கோயில் திருவிழா நாடகத்துக்கு ஆள் பிரித்தாயிற்று. கதை பிரான்சில் நடக்கிறது. கோமானின் குதிரை மிதித்து ஒரு குடியானவனின் மகன் சாகிறான். நியாயம் கேட்ட குடியானவனே கடைசியில் கோமான் முன் முட்டி போட்டு மன்னிப்புக் கேட்கிறான். நல்ல நியாயம்!

கோமான், பந்தல் போட்டுத் தரும் டேவிட் அங்கிள். குடியானவன், லேத் பட்டறையில் வேலை செய்யும் என் அப்பா. நான் வேலைக்காரி. எனக்கு ஒரே வசனம்: "கோமான் வருகிறார்!"

போன வருஷம் கோயில் பங்குக் கூட்டத்தில் அப்பா பேச எழுந்தபோது, "லேத்து, நீ உக்காருடா" என்றவர் இதே டேவிட்தான். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா உட்கார்ந்தார். அப்புறம் கூட்டத்துக்கே போகவில்லை. இப்போது ஊர் பார்க்க அவர் காலடியிலா?

"ஏம்ப்பா ஒத்துகினே?"

"நாடகம்தானே செலின்."

நாடகமாம்!

ஜனவரி 24, சனி

டேவிட்டின் மகன் இவான் வம்பிழுத்தான்: "இன்னா, உங்க நைனா ஊட்ல முட்டி போட்டு பழகிகினு கீறாரா?"

நான் விட்டேனா? "உங்க நைனா அம்மாம்பெரிய கோமான் தொப்பி வச்சிகினு கீறாரே, உள்ள எதுனா கீதா?"

ஜனவரி 25, ஞாயிறு

ஒத்திகையில் கத்தினேன்: "கோமாளி வருகிறார்!"

ஒரே எழுத்துதான் மாற்றினேன். டேவிட் முகம் மிளகாய்ப்பழம். "லேத்து, உன் பொண்ண மன்னிப்பு கேக்கச் சொல்லு!"

அப்பா என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் வசனம் இப்போது கூட நடிக்கும் ரியாவுக்கு.

வரும் வழியில் அப்பா, "எனக்கோசரம் நீ சண்ட போடாத" என்றார்.

"அப்ப நீ போடு."

அதிகமாகப் பேசிவிட்டேனா? இல்லை. சரியாத்தான் பேசினேன்.

ஜனவரி 31, சனி

அப்பா கண்ணாடி முன் வசனம் சொல்லிப் பார்க்கிறார். பேசமாட்டேன். போ.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்று திருவிழா நாடகம். கடைசிக் காட்சி. "மண்டியிடு, குடியானவனே!" என்றார் டேவிட். அப்பா நின்றார். "மண்டியிடு!" நின்றார். திரைக்குப் பின்னாலிருந்து யாரோ, "அண்ணாத்தே, முட்டி போடு!" என்று கிசுகிசுத்தார்கள்.

அப்பா மைக் பக்கம் திரும்பினார். "மெஷின் எதிர்ல நின்னு நின்னே பழகிப்போச்சு கோமானே. இந்த முட்டி மாதாவுக்கு மட்டுந்தான் மடங்கும். புள்ளைய பறிகுடுத்தவன் நான். மன்னிப்பு நீ கேளு!"

பந்தல் முழுக்க விசில். எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்தியது நான்தான். டேவிட் தொப்பியைச் சரிசெய்தார். திரையை இழுத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பூசை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம். டேவிட் வந்து அப்பா முன் நின்றார்.

"சவரிமுத்து சார், சாயங்காலம் பங்குக் கூட்டம் இருக்கு. வந்துடுங்க."

எப்போதும் அவருக்கு 'சார்' போடும் அப்பா, "வரேன் டேவிட்" என்றார்.