என் ஓ, உங்க ஏ

என்னங்க,

நர்ஸ் வாசிச்சுக் காட்டுறேன்னு சொன்னாங்க, அதனால எழுதுறேன். நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே காய்ச்சல். நான் நாலு தும்மலோட தப்பிச்சேன். நீங்க ஆக்சிஜன் குழாயோட படுத்திருக்கீங்க. ஏன்னு யோசிச்சு எனக்கு மண்டையே வெடிச்சிடும் போல இருக்கு.

என் ஓ குரூப்தான் காரணமோன்னு டாக்டரைக் குடைஞ்சேன். "சில ஆராய்ச்சியில ஓ குரூப்காரங்களுக்குக் கொஞ்சம் லேசா வருதுன்னு சொல்றாங்கம்மா. சிலதுல அப்படி ஒண்ணும் இல்ல. பக்கத்துப் படுக்கைக்காரரும் ஓதான்"னாரு. என் கணக்கு அங்கேயே புட்டுக்கிச்சு.

ஆனாலும் விடல. நான் வேலை பார்க்கிற ரத்த வங்கி லேப்ல என் விரலையே குத்தி, தட்டுல ஏ-வுக்கு ஒண்ணு, பி-க்கு ஒண்ணுன்னு ரெண்டு மருந்தும் விட்டுப் பார்த்தேன். ரெண்டுலயும் ரத்தம் துளிகூடத் திரியல. சந்தேகமே இல்ல, ஓதான்.

நீங்க முதல்முதலா ரத்தம் கொடுக்க வந்த அன்னைக்கு, இதே மேசையிலதான் ஏ மருந்து பட்டதும் உங்க ரத்தம் பால் மாதிரி திரிஞ்சது. ஏ குரூப்னு தெரிஞ்ச அப்புறம்தான் உங்க பேரே எனக்குத் தெரியும். ஊசியைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க.

இப்பவும் கவிழ்ந்து, சுவரைப் பார்த்துத்தான் படுத்திருக்கீங்களாம். சாயங்காலம் உங்க வார்டு கண்ணாடிக்கு வெளியே நிற்பேன். கையில ஊசி இருக்காது. இந்தப் பக்கம் திரும்புங்க.

உங்க ஊசிக்காரி