ஏறுற வண்டிக்கு வழி

நாகலூர்
4-11-2023

அமலிக்கு,

போன்ல பேசினா பாதியில வெச்சுடறே. கடுதாசியை அப்படி வெக்க முடியாதல்ல, அதனால எழுதறேன். நான் சொகம். நீ சொகமான்னு கேக்க மாட்டேன். எஸ்டேட் ஜீப் ஓட்டுற புருசனை இங்க உட்டுட்டு, டெல்லி கேம்ப்ல முட்டையும் பாலுமாத் திங்கறவளுக்கு என்ன கொறை?

டைம் ட்ரையல்னா என்னன்னு எஸ்டேட்ல கணக்கெழுதற ரைட்டர் தனபால் கேட்டாரு. நிமிசத்துக்கு ஒருத்தராத் தனியாக் கெளம்பி சைக்கிள் ஓட்டணும், யாரு செயிச்சாங்கன்னு கடியாரம் சொல்லும்னேன். "பக்கத்துல ஆளே இல்லாம என்னப்பா பந்தயம்?"னு விழுந்து விழுந்து சிரிச்சாரு. நாலு பேரை முட்டி மோதி முந்தறவன்தான் பந்தயக்காரன். நீ வெறும் தபால்காரி.

ஆடினது போதும். கிறிஸ்துமசுக்குள்ள ஊடு வந்து சேரு.

ஜெப்சன்


டெல்லி
13-11-2023

அன்புள்ள ஊட்டுக்காரருக்கு,

தபால்காரி எழுதறேனுங்க. தனபால் அண்ணன் ஏறி உக்காந்தா சைக்கிள்தான் அழுவும். அவரு சிரிச்சாருன்னு நீங்களும் பல்லைக் காட்டினீங்களாக்கும்.

முட்டி மோதறதுக்குத் தைரியம் வேண்டாம், தடிச்ச தோலு போதும். இங்க அடுத்தவ முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சு காத்துக்குத் தப்பக்கூடாது. ஒளிஞ்சா நேரத்தைக் கூட்டிப் போட்டுடுவாங்க. உங்களால ஒரு கிலோமீட்டர் தாங்க முடியாதுங்க.

டிசம்பர் மூணாந்தேதி மலேசியாவுல பந்தயம். மொத மூணு எடத்துக்குள்ள வந்தா இன்னும் ரெண்டு வருசம் கேம்ப்ல வெச்சுக்குவாங்க. வரலைன்னா நானே ஊட்டுக்கு வந்துடறேன். மாதா மேல சத்தியம். கோழிக்குத் தண்ணி வெக்க மறந்துடாதீங்க.

உங்கள் மனைவி,
அமலி ஜெப்சன்


நாகலூர்
5-12-2023

அமலி,

கோயில் ஹால்ல பெரிய டிவி வெச்சு ஊரே பாத்துச்சு. மேல போய்த் திரும்பி எறக்கத்துல வர்றே. ரெண்டாவது எடம்னு எழுத்து ஓடுது. எதுத்தாப்புல ஒருத்தி ஏறி வர்றா. நீ என்ன பண்ணினே? பிரேக் புடிச்சு, ஓரங்கட்டி, அவளுக்கு வழி உட்டே! நடுவுல கூம்பு வெச்சு ரோட்டை ரெண்டாப் பிரிச்சிருக்காங்க, அவ பாதை அவளுக்கு, உம்பாதை உனக்கு. உலகத்துல எவளாச்சும் இப்படிப் பண்ணுவாளா? மூணே செகண்ட்ல நாலாவது எடம்.

நாந்தான் மொதல்ல சிரிச்சேன். "ஏறுற வண்டிக்கு எறங்குற வண்டி வழி உடோணுமாம், நம்ம மலை ரோட்டுச் சட்டத்தை மலேசியாவுக்குக் கொண்டு போயிட்டா பாருங்க"ன்னேன். ஹால்ல சிரிப்பு அடங்க நொம்ப நேரம் ஆச்சு.

சத்தியம் பண்ணியிருக்கே. பொட்டியைக் கட்டு.

ஜெப்சன்


டெல்லி
14-12-2023

திரு. ஜெப்சன் அவர்களுக்கு,

ஆமாங்க, வழி உட்டேன். ஏறி வர்றவ மூச்சுச் சத்தம் கேட்டதும் கை தானா பிரேக்குக்குப் போயிடுச்சு. பன்னெண்டு வயசுல இருந்து நம்ம மலையில ஓட்டின கை. ரூமுக்கு வந்து அழுது தீத்தேன். கோச்சு நல்லா வைதாரு. அப்புறம் அவரே மேல பேசி, கேம்ப்லயே இருன்னு சொன்னாரு. நான்தான், ஊட்டுல சத்தியம் பண்ணியிருக்கேன்னு சொல்லி சேலத்துக்கு டிக்கெட் எடுத்தேன். அன்னைக்கு சாயங்காலம் உங்க கடுதாசி வந்துச்சு.

மொதல்ல சிரிச்சது நீங்கதான்னு உங்க கையாலயே எழுதியிருக்கீங்க. எட்டு வருசமா உங்க ஜீப்புல பக்கத்து சீட்டுல வந்திருக்கேன். ஒரு நாளாச்சும் ஏறுற வண்டிக்கு நீங்க வழி உட்டதில்லை. பாரத்தோட ஏறி வர்ற லாரியக்கூட ஆரன் அடிச்சே பின்னால தள்ளுவீங்க. அந்தப் புத்திக்கு நான் பண்ணினது சிரிப்பாத்தான் இருக்கும்.

சத்தியத்தை மீறறேன். பாவம்னா ஃபாதர்கிட்டச் சொல்லிக்கறேன், உங்ககிட்ட இல்லை. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேன்.

பீரோ மேல்தட்டுல எங்கப்பா பேரு போட்ட என் ஞானஸ்நான சர்டிபிகேட் இருக்கு. தங்கச்சி சாரா வருவா, எடுத்துக் குடுத்துடுங்க. அவ முன்னாடியும் சிரிச்சுட்டு நிக்காதீங்க.

ஏசுராஜ் மகள்
அமலி