கொல்லைக்கு வந்த ஆமையும் நீங்கள் கேட்ட ரசமும்

என் மேல் உயிரையே வைத்திருந்தும், எனக்காக ஒரு வார்த்தை பேசாமலே போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரருக்கு,

நம்ம கருவடிக்குப்பம் வீட்டுக் கொல்லையில், செம்பருத்திச் செடியடியில் ஒரு ஆமைக்குட்டி வந்திருக்கிறது. எலுமிச்சம்பழம் அளவுதான். கறுப்பும் மஞ்சளுமாக ஓடு.

ஆமை என்று எழுதும்போதே ஆத்திரத்தில் பேனா தாளைக் கிழிக்கிறது.

நான் கட்டி வந்த மாதமே மாமனார் தவறிப்போனார். காரியத்தன்று பந்தியில் உங்க அம்மா என்ன சொன்னாங்க? "நீ கட்டிக்கினு வந்தது பொண்ணு இல்லடா, ஆமை. உள்ள பூந்ததும் உங்கப்பாவ வாரிக்கினு போயிடுச்சு." பந்தியே என்னைப் பார்த்தது. நீங்கள் இலையைப் பார்த்தீர்கள். அப்புறம், "ரசம் ஊத்து" என்றீர்கள். ஊற்றினேன்.

நம்ம மகன் மூர்த்தி அப்படியே உங்க அம்மா. குட்டியைப் பார்த்ததும் குதித்தான். "வீட்டுக்கு ஆமை வந்தா விளங்குமாம்மா? வாய்க்கால்ல உட்டுட்டு வரேன். தண்ணில கெடக்கறதுதானே, பொழச்சிக்கும்." நான் தடுப்பதற்குள் பக்கெட் தண்ணீரில் போட்டுவிட்டான். அது நீந்தவில்லை. கல் மாதிரி அடியில் போனது. கையை விட்டு எடுத்தேன். மூக்கில் நுரை. காலைப் பார்த்தேன், விரலுக்கு நடுவே சவ்வு இல்லை. யானைக்கால் மாதிரி கட்டைக்கால். நீந்துகிற காலா அது?

முந்தானையில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் புரட்டிப் பார்த்தார். "இது கட்டாமைம்மா. தரையில வாழறது, தண்ணில போட்டா செத்துடும். சோறு, பாலு எதுவும் வைக்காதீங்க. புல்லு, செம்பருத்தி எலை போதும். குடிக்க ஒரு தட்டுல கொஞ்சமா தண்ணி. வெயிலும் வேணும், ஒதுங்க நிழலும் வேணும்" என்றார். வீட்டில் வளர்த்தால் குற்றமாம். வனத்துறைக்கு அவரே போன் போட்டார். அவர்கள் வரும்வரை நான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திரும்பி வந்தால் மூர்த்தி வாசலில் வண்டியோடு நிற்கிறான். "பாத்தியாம்மா, டயர் பஞ்சர். எல்லாம் அது வந்த நேரம்!"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மருமகள் செல்வி தலையைத் தூக்கவே இல்லை. "அது வர்றதுக்கு முன்னாடி மட்டும் நீங்க என்னாத்த கிழிச்சீங்க? டயரு வழவழன்னு தேஞ்சி கெடக்குது, மாத்த துப்பில்ல. வாயில்லாத ஜீவன் மேல பழியப் போடறீங்களே, வெக்கமா இல்ல?"

அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனான். நான் கொல்லைக்குப் போய் அழுதேன்.

இவ்வளவுதாங்க. உங்களிடம் இப்படி ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். நேற்று வந்தவளுக்கு இருக்கிற வாய் உங்களுக்கு ஏன் இல்லாமல் போனது? எனக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் கால் பிடித்துவிட்ட மனுஷன், அம்மா முன்னால் மட்டும் ஏன் ஊமையானீர்கள்? உங்களை வெறுக்கவும் முடியாமல் செய்துவிட்டீர்களே, அதுதான் இன்னும் எரிகிறது.

இன்று காலை குட்டி தலையை நீட்டியது. செம்பருத்தி இதழை இழுத்து இழுத்துத் தின்றது. செல்வி பக்கத்தில் உட்கார்ந்து, "அத்த, பொழச்சிக்கிச்சு" என்றாள். நாளை வனத்துறை ஆள் வருகிறார். என் கையால்தான் கொடுப்பேன். மூர்த்தி அதைத் தொடக்கூடாது.

ஒன்று மட்டும் சத்தியம். நானும் மேலே வந்ததும், அங்கே இருக்கிற உங்க அம்மாவை உட்காரவைத்து, அவங்க எதிரிலேயே உங்களைக் கேட்பேன். அப்போது ரசம் கேட்கக் கூடாது. பதில் சொல்லணும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் புகுந்து, இன்னமும் அதைக் காத்துக்கொண்டிருக்கும் ஆமை,
உங்கள் மனைவி தனலட்சுமி