குழாயைத் தட்டாத நாள்

என் செல்ல வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீயாவது வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து நிற்பார், பாதியில் பிடுங்கிக்கொள்வார், போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது அதுதானே. நீ அழுதாய், என்னம்மா பண்ணட்டும் என்று கேட்டாய், நான் வாயைத் திறப்பதற்குள் அவர் வாங்கி, கேக்கறதைக் குடுத்துட்டு பட்டத்தை வாங்கிட்டு வா, ஊர்க்கவலை உனக்கெதுக்கு என்று சொல்லி வைத்துவிட்டார். அவர்மேல் கோபப்படாதே. பணிமனையில் பஸ்ஸுக்கு அடியில் படுத்துப் படுத்து முதுகு போய்விட்டது, இப்போது பெல்ட் கட்டிக்கொண்டுதான் உட்காரவே முடிகிறது, நீ பட்டம் வாங்கும் நாளைச் சொல்லிச் சொல்லித்தான் காலையில் எழுந்திருக்கிறார். ஆனால் நம் கீழ்வீட்டுத் தையல் அக்கா வீட்டைக் காலி செய்துகொண்டு போனதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் வாயைக் கட்டியவரும் அவர்தான். உன் படிப்பு கெட்டுவிடுமாம். நான் சொல்லத்தான் போகிறேன், முழுவதும் படித்துவிட்டு அப்புறம் முடிவெடு.

நீ சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான், தப்பென்றால் திருத்து. கடைசி வருஷத்தில் வகுப்பில் உட்காராமல் வெளியே ஒரு அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப் போனால் அதற்கும் கல்லூரியில் கிரெடிட் உண்டு, அது சேர்ந்தால்தான் பட்டம். உன்னை ஆலைக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில் வீடு வீடாகப் போய்ப் பேசி எழுதி வரச் சொன்னார்கள். யார் பெயரும் வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்துத்தான் நீ அவர்களைப் பேச வைத்தாய். இப்போது உன் மேலதிகாரியம்மா, எழுதினதைப் பெயரோடு அப்படியே கொடு, இல்லாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். கையெழுத்து இல்லையென்றால் கிரெடிட் இல்லை, ஒரு வருஷம் போச்சு. கதவைத் திறந்து பேசினவர்கள் பக்கத்திலிருந்து இதை நான் பார்த்தாயிற்று.

நம் கட்டிடத்துப் பழக்கம் உனக்கு மறந்திருக்காது. வீட்டுவசதி அலுவலகத்து ஆள் வாசலில் தலையைக் காட்டினால், முதலில் பார்க்கிறவர் கரண்டியால் தண்ணீர்க் குழாயைத் தட்ட வேண்டும், குழாய் எல்லா மாடிக்கும் ஓடுவதால் சத்தமும் கூடவே ஓடும், ஒளிக்க வேண்டியதை அவரவர் ஒளித்துக்கொள்வார்கள். நீ சின்னவளாக இருக்கும்போது சும்மா தட்டிவிட்டு, மேல்வீட்டு மீசைக்காரர் நாயைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடியதைப் பார்த்து உருண்டு உருண்டு சிரித்தாயே, என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயே. வாசலைப் பார்த்த ஜன்னல் நம்முடையது, அதனால் தட்டுகிற வேலை பெரும்பாலும் என்னுடையதுதான். நீ போன பிறகு தையல் அக்காவின் தம்பி ஜெயிலிலிருந்து வந்து அவளோடு இருந்தான். ஜெயிலுக்குப் போனவர் யாரும் இந்த வீடுகளில் தங்கக் கூடாது என்பது அலுவலகத்தின் விதி. என்ன செய்துவிட்டுப் போனான் என்று நான் கேட்டதில்லை. பகலில் வெளியே வரமாட்டான், உள்ளறையில் உட்கார்ந்து அக்கா தைக்கிற சட்டைகளுக்குக் காஜா எடுப்பான், பட்டன் தைப்பான். கட்டிடத்துக்கே தெரியும், ஒருத்தர் மூச்சு விடவில்லை.

ஒரு நாள் வாசலில் வந்து நின்றது ஒரு பெண். உன் வயதுதான் இருக்கும், கண்ணாடி போட்டிருந்தாள், செருப்பு கடித்து நொண்டிக்கொண்டு வந்தாள். கழுத்தில் அலுவலகத்து அட்டை தொங்கியது, அதையும் பார்த்தேன், கரண்டியைக் கையில் எடுத்தும் விட்டேன். அவள் அண்ணாந்து பார்த்து, ஆன்ட்டி, நான் காலேஜ் ஸ்டூடன்ட், இன்டர்ன்ஷிப்புக்கு வந்திருக்கேன், இந்தத் தெருவுல யாருமே கதவைத் திறக்க மாட்டேங்கறாங்க என்றாள். எனக்கு அவ்வளவுதான். என் பெண்ணும் இந்நேரம் எவர் வாசலிலோ இப்படித்தானே நிற்பாள், அவளுக்கு யார் ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். மேலே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன், குதிகாலுக்குப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன், அதோடு விட்டேனா, கையைப் பிடித்து வீடு வீடாகக் கூட்டிக்கொண்டும் போனேன். நம்ம பொண்ணு மாதிரி, பயப்படாம பேசுங்க, நல்லா விவரமா சொன்னாத்தான் அவளுக்கு மார்க் வரும் என்று நானே ஏலம் போட்டேன். தையல் அக்கா கதவைப் பாதி திறந்து என் முகத்தைத்தான் பார்த்தாள், நீங்க கூட்டிட்டு வந்தா சரிதான் என்று உள்ளே விட்டாள். தம்பிக்கு யாரும் வேலை தராதது, பக்கத்து வீட்டுப் பூட்டுச் சத்தம் கேட்டால்கூட அவன் எழுந்து சுவரோடு சுவராக நிற்பது, எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. பேரெல்லாம் வராது ஆன்ட்டி என்று என்னிடமும் சொல்லிவிட்டுத்தான் போனாள். பொய் சொன்னாள் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை, அவளும் நம்பித்தான் சொல்லியிருப்பாள், அவளிடமும் ஏதோ ஒரு மேலதிகாரி, எழுதினதைக் கொடு என்று கையை நீட்டியிருப்பார்.

கொஞ்ச நாளில் தையல் அக்கா வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். தம்பி என்னிடம் வந்து, நான் போயிட்டா அக்காவை விட்டுடுவாங்களா என்று கேட்டான், எனக்கு என்ன தெரியும், இரு பார்ப்போம் என்றேன், மறுநாள் ஆளைக் காணோம். நானும் தையல் அக்காவும் அலுவலகத்துக்குப் போய், அவன்தான் போயிட்டானே சார் என்று கெஞ்சினோம். மீறினது மீறினதுதான் என்றார் அந்த மனிதர், காகிதத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தார். அவன் பூட்டுச் சத்தத்துக்குச் சுவரோடு நிற்பது முதற்கொண்டு அதில் இருந்தது. தையல் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள், எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தக் கண்ணாடிக்காரப் பெண் எங்கே என்று கேட்டேன். அவ இன்டர்ன்ஷிப் முடிஞ்சு போய்ட்டாம்மா என்றார்கள். இப்போதெல்லாம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை முடிந்து நான் வாசலில் நுழைந்தால் குழாய் தட்டுகிறார்கள். முதல் நாள் அலுவலகத்து ஆள் யாரோ என் பின்னால் வருகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. மீசைக்காரர்கூட என்னைக் கண்டால் நாயை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அதனால் சொல்கிறேன், நீ எழுதி வைத்திருப்பதைக் கொடுக்காதே. கிழிக்கிறேன், எரிக்கிறேன், மேசையைத் தட்டிச் சண்டை போடுகிறேன் என்றும் கிளம்பாதே, உன் அவசரபுத்தி எனக்குத் தெரியாதா, என்னிடமிருந்துதானே வந்தது. முதலில் உன் பேராசிரியரிடம் போய் நடந்ததைச் சொல், உதவினால் நல்லது, உதவாவிட்டால் கிரெடிட் போகட்டும். அதைவிட முக்கியம், ஆலைக்குப் பின்னால் இருக்கும் அந்த வீடுகளுக்குத் திரும்பப் போய், எங்கள் அலுவலகம் எல்லாவற்றையும் பெயரோடு கேட்கிறது, இனிமேல் யார் வந்தாலும் வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வா. உன்னைத் திட்டுவார்கள், வாங்கிக்கொள். ஒரு வருஷம் வீண்தான், இல்லை என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன், அப்பா உடைந்துபோவார், என்னிடம் பேசாமலும் இருப்பார். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன், இத்தனை வருஷமாக வேறென்ன செய்துகொண்டிருக்கிறேன்.

தையல் அக்கா போனதைப் பற்றி ஒன்று மட்டும் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். மிஷினைப் போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றியிருந்தாள், யாரோ தூரத்து உறவுக்காரர் வீட்டில் ஒரு மூலை கிடைத்திருக்கிறது. தம்பி வந்தால் இடத்தைச் சொல்லச் சொல்லி என்னிடம்தான் சொன்னாள், வேறு யாரிடம் சொல்வாள், ஜன்னல் என்னுடையதல்லவா. நான் அழுதேன், அவள் அழவில்லை. வண்டியில் ஏறப் போனவள் நின்று, அந்தப் பொண்ணு பாஸாயிட்டாளா, நாம சொன்னது அவளுக்குப் போதுமானதா இருந்துச்சா என்று கேட்டாள். குத்திக் காட்டக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மிஷினைச் சுற்றிய போர்வை நழுவியிருந்ததை இழுத்துச் செருகிவிட்டேன், வண்டி போய்விட்டது.

அம்மாவின் ஆசீர்வாதம் உன் தலைமேல் என்றைக்கும் உண்டு, பாஸானாலும் ஆகாவிட்டாலும் நீ என் பெண்தான். காதுவலிக்கு டாக்டரைப் பார்க்கச் சொன்னேனே, பார்த்தாயா? குளிருக்குப் போட்டுக்கொள்ள அந்த நீலக் கோட்டையே வைத்துக்கொள், பழசு என்று யாருக்கும் கொடுத்துவிடாதே. அதைத் தைத்தது தையல் அக்கா. பட்டன் தைத்தது அவள் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். நீ இரண்டாம் வருஷம் லீவில் வந்தபோது தளர்ந்துபோயிருந்ததை நான் கீழே கொடுத்து வாங்கினேனே, அது அவன் தைத்தது.

இப்படிக்கு,
ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் உன் அம்மா